ஓரக்குறிப்புகளோடு ஒரு நீதி நூலகம்: முதல் புத்தகத்திலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நீதியையும் பொதுக்கொள்கையையும் பற்றி ஆழ்ந்து படிக்க முனையும் ஒருவர் முதலில் புத்தகம் வாங்குகிறார். அடுத்து, பிடித்த வரிகளுக்கு அடியில் கோடு போடுகிறார். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே புத்தகத்தை எடுத்துப் புரட்டினால் கோடுகள் அப்படியே இருக்கும், ஆனால் அவற்றை ஏன் போட்டோம் என்பது மறந்துபோயிருக்கும். என்னிடமுள்ள பழைய புத்தகங்களில் பாதி இவ்வாறு ஊமையாகவே நிற்கின்றன. அறிஞர் ஒருவரின் தனி நூலகத்துக்கும் வெறும் புத்தக அலமாரிக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. ஆசிரியர் சொன்னதற்குப் படித்தவர் என்ன பதில் சொன்னார், எப்போது சொன்னார், எந்தக் காரணத்தால் சொன்னார் என்பது பக்க ஓரத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதில்தான் அது இருக்கிறது.

அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ், பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1794-இல் வெளியிட்ட நூலைப் படித்தபோது, அதன் ஓரங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களில் அவரோடு வாதாடியிருக்கிறார். அந்தப் பிரதி இன்று பாஸ்டன் பொது நூலகத்தில் இருக்கிறது. ஆடம்ஸின் பதில்கள் எல்லாம் சரியானவை அல்ல. சில இடங்களில் எரிச்சல் வாதத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆயினும் ஆட்சியமைப்பைப் பற்றிய அவருடைய எண்ணம் எங்கே உறுதியாக இருந்தது, எங்கே தடுமாறியது என்பதை அந்த ஓரங்கள் காட்டிவிடுகின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு அவ்வளவு எழுதும் தேவையில்லை. ஆனால் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் ஒரு பதிலாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு முதல் நாளிலிருந்தே தேவை.

முதல் படி: துறையை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிடிப்பது

“நீதி” என்ற தலைப்பில் நூல் சேர்க்கத் தொடங்கினால் முடிவே இராது. மெய்யியல், சட்டம், பொருளியல், ஆட்சியியல், வரலாறு என எல்லாத் திசைகளிலும் புத்தகங்கள் குவியும், எதற்கு எது பதில் என்பது புலப்படாது. ஆகவே, உண்மையில் யாரோ ஒருவர் முடிவெடுத்தே தீர வேண்டிய ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் ஓர் எடுத்துக்காட்டையே பின்தொடர்கிறேன்: அரசு கட்டிய 100 வீடுகளுக்கு 1,000 குடும்பங்கள் விண்ணப்பித்திருந்தால் யாருக்குக் கொடுப்பது? முதலில் பதிந்தவருக்கா, அதிகத் தேவை உள்ளவருக்கா, குலுக்கலில் பெயர் வந்தவருக்கா?

பார்வைக்குச் சிறிய இந்தக் கேள்வி நீதிக் கோட்பாட்டின் பெரும்பகுதியை உள்ளே இழுத்துவிடுகிறது. பதிவு வரிசை என்றால் தகவல் முன்கூட்டிக் கிடைத்தவரும் காத்திருக்க முடிந்தவரும் வெல்கிறார்கள். தேவை என்றால் அந்தத் தேவையைத் தாளில் காட்டத் தெரிந்தவர் வெல்கிறார். குலுக்கல் என்றால் அனைவரும் சமம் ஆகிறார்கள், ஆனால் நோயாளி உள்ள வீடும் இல்லாத வீடும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. யான் எல்ஸ்டர் 1992-இல் வெளியிட்ட நூல், பற்றாக்குறையான பொருள்களை நிறுவனங்கள் எப்படிப் பங்கிடுகின்றன என்பதையே தனித்து ஆராய்கிறது. இத்தகைய கேள்வியோடு வருபவருக்கு அது நல்ல வாசல்.

கேள்வியை ஒரு தாளில் எழுதி அலமாரியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். புதிய புத்தகம் ஒன்றை வாங்கும் ஆசை வரும்போதெல்லாம் அது இந்தக் கேள்விக்கு என்ன சொல்லும் என்று ஒரு நொடி எண்ணிப் பார்த்தால், முதல் ஆண்டில் 20 புத்தகங்களுக்கு மேல் தேவைப்படாது.

இரண்டாம் படி: இணை இணையாகச் சேர்ப்பது

நீதி பற்றிய நூல்கள் பெரும்பாலும் பிற நூல்களுக்கு மறுமொழியாகப் பிறந்தவை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மெய்யியலர் ஜான் ரால்ஸ் 1971-இல் தம் நீதிக் கோட்பாட்டை வெளியிட்டார். சமூகத்தில் தமக்கு எந்த இடம் கிடைக்கும் என்று அறியாத ஓர் அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று மக்கள் எந்த நெறிகளை ஏற்பார்கள் என்று அவர் கேட்டார். அதே ஹார்வர்டில் பணியாற்றிய ராபர்ட் நோசிக், பங்கீட்டின் வடிவத்தைப் பார்ப்பதே தவறு, பொருள் எந்த வழியில் கைக்கு வந்தது என்பதையே பார்க்க வேண்டும் என்று 1974-இல் மறுத்தார். எதைச் சமமாக்க வேண்டும் என்ற கேள்வியை அமர்த்திய சென் 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரையில் எழுப்பி, கையிலுள்ள வளங்களை மட்டும் கணக்கிட்டால் போதாது, அவற்றைக்கொண்டு ஒருவரால் என்ன செய்ய இயல்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். இந்தக் கோட்பாடுகள் குடும்பத்துக்குள் நிலவும் அநீதியைக் கண்டுகொள்வதில்லை என்று சூசன் மோலர் ஒகின் 1989-இல் சுட்டிக்காட்டினார். நம் வீட்டு ஒதுக்கீட்டில் பத்திரம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்ற கேள்வி எழும் இடம் அதுதான். முதல் மூன்று பேரை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வியே தோன்றாமல் போகலாம்.

ஆகவே கோட்பாட்டு நூல் ஒன்றைத் தனியாக வாங்காதீர்கள். அதை மிக வலுவாக மறுக்கும் ஒன்றையும் சேர்த்து வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். சில நூல்கள் தம் மறுப்பைத் தம்முள்ளேயே தாங்கி வருகின்றன. அம்பேத்கர் 1936-இல் தாமே அச்சிட்ட, சாதி ஒழிப்பைப் பற்றிய நூலின் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பில், காந்தி அதற்கு எழுதிய மறுப்பும் காந்திக்கு அம்பேத்கர் அளித்த பதிலும் சேர்க்கப்பட்டன. எந்தப் பதிப்பு உங்கள் கையில் இருக்கிறது என்பது ஏன் முக்கியம் என்பதற்கும் இதுவே நல்ல சான்று: முதல் பதிப்பை மட்டும் வைத்திருப்பவர் ஒருவர் பேசுவதைக் கேட்கிறார், இரண்டாம் பதிப்பை வைத்திருப்பவர் ஒரு விவாதத்தைக் கேட்கிறார்.

கோட்பாட்டு நூல்களுக்கு அடுத்ததாகச் சட்டங்களும் விதிகளும் குழு அறிக்கைகளும், அவற்றுக்கு அடுத்ததாக அந்த விதிகள் தரையில் எப்படி நடந்தேறின என்று ஆராயும் நூல்களும், இறுதியாக அவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் தாமே எழுதியவையும் வர வேண்டும். கடைசி வகையைப் பலர் அலமாரியில் சேர்ப்பதே இல்லை. வீட்டு ஒதுக்கீட்டைப் பற்றி அதிகாரி எழுதியது இருக்கும், பேராசிரியர் எழுதியது இருக்கும். வரிசையில் நின்றவர் எழுதியது இராது.

மூன்றாம் படி: புத்தகத்துக்கு ஓர் அடையாளப் பக்கம்

படிக்கத் தொடங்குமுன் அட்டைக்கு அடுத்த வெற்றுத்தாளில் பென்சிலால் ஐந்து செய்திகளை எழுதுங்கள்: உங்கள் பெயரின் முதலெழுத்து, புத்தகம் கைக்கு வந்த நாள், இது எந்தப் பதிப்பு, மொழிபெயர்ப்பாயின் எந்த மொழியிலிருந்து யார் பெயர்த்தது, எதற்காக இதை வாங்கினீர்கள். கடைசிச் செய்தியை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் புத்தகத்தை இப்போதைக்குக் கீழே வைத்துவிடலாம்.

பக்க எண்களை நம்ப வேண்டாம். ரால்ஸின் நூலுக்கு 1999-இல் ஆங்கிலத்தில் திருத்திய பதிப்பு வந்தது. 1975-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்காக அவர் செய்த திருத்தங்களே அதில் இடம்பெற்றன. இரண்டு பதிப்புகளுக்கும் பக்க எண் பொருந்தாது. ஆனால் 87 பகுதிகளாக அமைந்த அதன் கட்டமைப்பு மாறவில்லை. அறியாமைத் திரை இரண்டிலும் 24-ஆம் பகுதியில்தான் இருக்கிறது. எனவே பகுதி எண்ணைக் குறியுங்கள். பிளேட்டோவுக்கு 1578-ஆம் ஆண்டு ஸ்டெஃபானஸ் பதிப்பின் எண்ணையும், அரிஸ்டாட்டிலுக்கு 1831-இல் பெர்லினில் வெளிவந்த பெக்கர் பதிப்பின் எண்ணையும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். நல்ல மொழிபெயர்ப்புகளின் ஓரத்தில் இவை அச்சாகியிருக்கும், அச்சாகாத மலிவுப் பதிப்பை வாங்குவது பின்னால் நேரத்தைத் தின்னும். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தைப் படிப்பவரும் கவனிக்க வேண்டும்: குறள்களின் வரிசை உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறுவதால், பழைய உரை ஒன்றிலிருந்து குறிப்பெடுக்கும்போது எண்ணோடு முதற்சீரையும் எழுதிவைப்பதே பாதுகாப்பு.

நான்காம் படி: குறிப்பு எழுதும் முறை

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். மற்றப் படிகள் எல்லாம் இதற்குத் துணை.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். ஓர் இயலை முழுதாகப் படித்தபின் திரும்பி வந்து குறியிடுங்கள். முதல் வாசிப்பில் முக்கியமாகத் தோன்றும் வரி பெரும்பாலும் அழகாக எழுதப்பட்ட வரியாக இருக்கும், வாதத்தைத் தாங்கும் வரி அடுத்த பத்தியில் அமைதியாகக் கிடக்கும். நீதி நூல்களில் அந்தத் தாங்கும் வரி பல சமயம் “என்று கொள்வோம்”, “என வைத்துக்கொண்டால்” என்பது போன்ற தொடரில் ஒளிந்திருக்கிறது.

குறியீடுகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். நான் பயன்படுத்துவது தமிழ் எழுத்துகளையே: ஆசிரியரின் மைய வாதத்துக்கு “வ”, அதற்கு அவர் தரும் சான்றுக்கு “ச”, எனக்கு எழும் ஐயத்துக்கு “ஐ”, வேறொரு நூல் இதை மறுக்கும் இடத்துக்கு “எ”, புதிய பொருளில் கையாளப்படும் சொல்லுக்கு “சொ”. வண்ணங்களை வைத்துப் பிரிப்பவர்களும் உண்டு. மினுங்கும் மை காலப்போக்கில் மங்கும், ஒளிநகல் எடுத்தால் வேறுபாடு மறையும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எழுத்தை மட்டும் போட்டுவிட்டு நகரக் கூடாது. பக்கத்தில் ஒரு வாக்கியமேனும் வேண்டும், அதன் அடியில் தேதி வேண்டும். “அருமை”, “தவறு”, “சிந்திக்க வேண்டியது” ஆகிய மூன்றும் குறிப்புகளே அல்ல. நம் எடுத்துக்காட்டில், தேவைக்கேற்ப மதிப்பெண் அளித்து வீடு ஒதுக்கலாம் என்று வாதிடும் பக்கத்தில் இப்படி எழுதலாம்: “ஐ. இங்கே அளக்கப்படுவது சான்றிதழால் காட்டக்கூடிய தேவை. முகவரியே இல்லாதவர் எந்தச் சான்றிதழைக் காட்டுவார்? 12.3.2021.” ஆசிரியர் எதை அளக்கிறார், அது எங்கே உடைகிறது, நான் எப்போது அதைக் கண்டேன் ஆகிய மூன்றும் இரண்டு வரியில் அடங்கிவிட்டன.

மறுப்பதற்குமுன் ஒரு விதி உண்டு: ஆசிரியரின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் உங்கள் சொற்களில் ஒரு வரியாக எழுதிவிட்டுத்தான் மறுப்பை எழுத வேண்டும். இது நம் உரை மரபுக்குப் பழக்கமான ஒழுக்கம். உரையாசிரியர்கள் தம் பொருளைச் சொன்னபின் “இவ்வாறு உரைப்பாரும் உளர்” என்று மாற்றுரையையும் எடுத்துக்காட்டி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் தருவார்கள். தாம் மறுக்கும் கருத்தை வாசகரின் கண்ணிலிருந்து மறைக்க மாட்டார்கள். நீதியைப் பற்றிப் படிப்பவர் எதிராளியின் வாதத்தையே அநியாயமாகச் சுருக்கினால் அது வேடிக்கையாகிவிடும். நானும் அதைச் செய்திருக்கிறேன். நோசிக்கின் வாதத்தை “பணக்காரருக்கு ஆதரவு” என்று இரண்டே சொற்களில் எழுதிவைத்த ஒரு பக்கம் என்னிடம் இன்னும் இருக்கிறது. பொருள் சேர்ந்த வரலாற்றில் அநீதி இருந்தால் அதைச் சரிசெய்தாக வேண்டும் என்று அவர் ஒப்புக்கொள்வதையும், அந்த ஒப்புதலை அவர் விரித்துச் சொல்லாமல் விட்டதே அவருடைய மெலிந்த இடம் என்பதையும் அந்தச் சுருக்கம் என்னிடமிருந்து மறைத்துவிட்டது.

ஐந்தாம் படி: கொள்கை ஆவணத்தைப் பின்னாலிருந்து படிப்பது

கோட்பாட்டு நூல் மெல்ல மூப்படைகிறது. கொள்கை ஆவணமோ ஒரு திருத்த ஆணையில் காலாவதியாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே முறையில் குறிப்பெடுப்பதே புதியவர் செய்யும் பெரிய தவறு.

அறிக்கையோ விதித்தொகுப்போ கைக்கு வந்தால் முன்னுரையை விட்டுவிடுங்கள். முன்னுரையில் எல்லா அரசும் எல்லாருக்கும் நன்மையே நாடும். முதலில் “வரையறைகள்” என்ற பகுதியைப் படியுங்கள். “குடும்பம்” என்றால் யார்? தனியாக வாழும் மூதாட்டி ஒரு குடும்பமா? “வசிப்பவர்” என்பதற்கு எத்தனை ஆண்டுகள் தேவை? ஒதுக்கீட்டின் நீதி அல்லது அநீதி பெரும்பகுதி இந்தப் பக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. அடுத்து விலக்குகளையும், அதற்கடுத்து பின்னிணைப்புகளிலுள்ள படிவத்தையும் பாருங்கள்; படிவம் கேட்கும் தாள்களே உண்மையான தகுதி விதி. பிறகு மேல்முறையீட்டுப் பிரிவுக்கு வாருங்கள்: விண்ணப்பம் தள்ளப்பட்டால் காரணம் எழுத்தில் தரப்படுமா, எத்தனை நாளுக்குள், முதல் முடிவை எடுத்தவரிடமேவா மீண்டும் போக வேண்டும்? கடைசியாக, செலவை எந்தக் கணக்கிலிருந்து யார் ஏற்கிறார் என்று பாருங்கள்.

ஆவணத்தின் முதல் பக்கத்தில் அதன் நிலையைக் குறிக்க வேண்டும்: வரைவா, அறிவிக்கப்பட்டதா, திருத்தப்பட்டதா, நீக்கப்பட்டதா, இதை நீங்கள் எந்த நாளில் சரிபார்த்தீர்கள். தாய்ச் சட்டம், அதன் கீழ் வந்த விதிகள், அவற்றின் திருத்தங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் கால வரிசையில் வையுங்கள். நீக்கப்பட்டதைத் தூக்கி எறியக் கூடாது. எந்தச் சொல் எடுக்கப்பட்டு எந்தச் சொல் நுழைந்தது என்பதுதான் ஒரு கொள்கையின் வரலாறு.

நடைமுறைப்படுத்தலைப் பற்றியும் ஓரத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல நோக்கமுள்ள ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் ஏன் தேங்கிப்போனது என்று பிரெஸ்மனும் வில்டாவ்ஸ்கியும் 1973-இல் ஆராய்ந்தபோது, பலருடைய ஒப்புதல் தொடர்ச்சியாகத் தேவைப்பட்டதே பெரும் தடையாக இருந்ததைக் காட்டினார்கள். தாளில் எத்தனை மேசைகளைக் கோப்பு கடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 10 மேசைகள், ஒவ்வொன்றும் 90 விழுக்காடு வாய்ப்போடு ஒப்புக்கொள்ளும் என்று வைத்தாலும், கோப்பு கடைசி மேசையைக் கடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடுதான். இந்த எண்ணை விதியின் ஓரத்தில் எழுதிவைத்தால், நெறி பற்றிய வாதமும் மேசை பற்றிய வாதமும் ஒன்றையொன்று தொடத் தொடங்கும்.

ஆறாம் படி: சொல்லேடு

தமிழில் இந்தத் துறையைப் படிப்பவர் ஒரு தனிக் குறிப்பேட்டைச் சொற்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். நமக்குச் சொற்கள் குறைவு என்பதால் அல்ல, ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்வதால். “கொள்கைப் பிடிப்புள்ளவர்” என்கிறோம், “கல்விக் கொள்கை” என்கிறோம். முதலாவது நெறி, இரண்டாவது அரசின் திட்டப்போக்கு. சட்ட மெய்யியலர் ரானல்ட் டுவொர்க்கின் 1977-இல் வெளியிட்ட நூலில் இவ்விரண்டையும் பிரித்து, தனி மனிதரின் உரிமையைக் காப்பது ஒன்று, சமூகத்தின் கூட்டு இலக்கை நோக்குவது மற்றொன்று என்று வாதத்தை அமைக்கிறார். இரண்டுக்கும் “கொள்கை” என்றே ஓரத்தில் எழுதியிருந்தால் அவருடைய வாதம் உங்கள் குறிப்பில் காணாமல் போய்விடும். நான் “நெறி”, “கொள்கை” என்று பிரித்து, “கோட்பாடு” என்ற சொல்லை முழு அமைப்புக்கு வைத்துக்கொண்டேன். நீங்கள் வேறுவிதமாகப் பிரிக்கலாம். பிரித்ததை ஏட்டில் எழுதி, பிறகு மாற்றாமல் இருக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது “நீதி”, “நியாயம்” என்ற இணை. அமர்த்திய சென் 2009-ஆம் ஆண்டு நூலில் இந்த இரண்டு சமஸ்கிருதச் சொற்களையும் எடுத்து, விதிகளும் நிறுவனங்களும் ஒழுங்காக இருப்பதை முதல் சொல்லாலும், மக்களின் வாழ்வில் உண்மையில் விளையும் நிலையை இரண்டாம் சொல்லாலும் குறிக்கிறார். ரால்ஸை முதல் சொல்லின் பக்கம் நிறுத்துகிறார். தமிழில் படிப்பவருக்கோ ரால்ஸின் “ஃபேர்னஸ்” என்ற சொல்லுக்கு முதலில் கைக்கு வருவது “நியாயம்” என்ற சொல். ஆக, சென் எந்தக் கரையில் ரால்ஸை நிறுத்தினாரோ அதற்கு எதிர்க்கரையின் சொல் ரால்ஸின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சொல்லேட்டில் “சொல், ஆசிரியர், பகுதி எண், அவர் கொள்ளும் பொருள்” என்று நான்கு பத்திகள் போட்டு, ஆசிரியர் வாரியாகத் தனித்தனியே எழுதினால்தான் இந்தக் குழப்பம் தீரும்.

ஏழாம் படி: தேடி எடுக்கும் வழி

ஓரத்தில் எழுதியது புத்தகம் மூடப்பட்டதும் மறைந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு புத்தகத்தின் பின்பக்க வெற்றுத்தாளிலும் உங்களுக்கான பொருளடைவு ஒன்றை எழுதுங்கள்: “குலுக்கல் – 41, 118”, “சான்றிதழ் – 63”. அச்சிட்ட பொருளடைவு ஆசிரியரின் கேள்விகளுக்கானது, இது உங்களுடையவற்றுக்கு.

எல்லாப் புத்தகங்களுக்கும் பொதுவாக ஓர் அட்டவணை வேண்டுமானால் ஆங்கில மெய்யியலர் ஜான் லாக் 1686-இல் வெளியிட்ட முறை இன்றும் உதவும். தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதை அடுத்துவரும் உயிரெழுத்தையும் சேர்த்து ஒரு திறவுகோலாக்கி, அதற்கு ஒரு பக்கத்தை ஒதுக்கினார் அவர். தமிழில் உயிர்மெய் எழுத்தே அந்த இரண்டையும் சேர்த்துத் தருகிறது: “நீதி” நீ-யின் பக்கத்துக்கும் “நியாயம்” நி-யின் பக்கத்துக்கும் “குலுக்கல்” கு-வின் பக்கத்துக்கும் தாமே போய்ச் சேரும். அட்டைகளில் எழுதிப் பெட்டியில் அடுக்குவோரும் உண்டு. சமூகவியலர் நிக்லஸ் லூமன் ஏறத்தாழ 90,000 அட்டைகளைச் சேர்த்தார். முதல் ஆண்டில் அந்த எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. கணினியில் வைக்க விரும்பினால் ஸொட்டெரோ போன்ற இலவச மென்பொருள் போதும். அதில் நூல் விவரத்தோடு அடையாளப் பக்கத்தின் ஒளிப்படத்தையும் சேர்த்துவிடுங்கள்.

அலமாரியில் அடுக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொது நூலகங்கள் நூல்களை எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் ஆட்சியறம் 172-இலும், அரசியல் 320-இலும், பொருளியல் 330-இலும், சட்டம் 340-இலும், சமூக நலம் 361-இலும் சிதறிக் கிடப்பதால், ஒரு கேள்வியைச் சுற்றி அமைந்த சிறு நூலகத்துக்கு அது ஒத்துவராது. கேள்வி வாரியாக அடுக்குங்கள். ஆனால் நூல்பட்டியலை நூலகம் இருக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள். தாமஸ் ஜெஃபர்சன் 1815-இல் தம் 6,487 நூல்களை 23,950 டாலருக்கு அமெரிக்கக் காங்கிரஸுக்கு விற்றார். 1851-ஆம் ஆண்டுத் தீயில் அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. என்னென்ன நூல்கள் இருந்தன என்று பட்டியல் சொன்னதால்தான், பிற்காலத்தில் அதே பதிப்புகளைத் தேடிச் சேர்க்க முடிந்தது.

எட்டாம் படி: பிறர் நூலகத்தைப் படிக்கும்போது

உங்கள் நூலகம் கொஞ்சம் வளர்ந்தபின் ஓர் அறிஞரின் குறிப்பேறிய நூல்களைப் பார்ப்பது பெரும் பயிற்சி. ஆங்கில மெய்யியலர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் நூல்கள் 1905 முதல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் இருக்கின்றன. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்டின் ஏறத்தாழ 4,000 நூல்கள் நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியில் இருக்கின்றன. இரண்டு தொகுப்புகளிலுமுள்ள ஓரக்குறிப்புகளில் ஒரு பகுதி இணையத்தில் ஒளிப்படமாகவே கிடைக்கிறது.

அங்கே சில எச்சரிக்கைகள் தேவைப்படும். அடிக்கோடு உடன்பாட்டின் அடையாளம் அல்ல. பல அறிஞர்கள் தாம் தாக்கப்போகும் வரிக்குத்தான் கோடு போடுவார்கள். குறியே இல்லாத புத்தகம் படிக்கப்படாதது என்றும் சொல்ல முடியாது, அதை வேறொரு பிரதியில் படித்திருக்கலாம், பரிசாக வந்து அப்படியே நின்றிருக்கவும் கூடும். கையெழுத்து யாருடையது என்பதும் கேள்விக்குரியது: மில்லின் நூலகத்தில் அவருடைய தந்தை ஜேம்ஸ் மில்லின் நூல்களும் கலந்திருப்பதால், எந்தக் கோடு மகனுடையது, எது தந்தையுடையது என்று ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. அடையாளப் பக்கத்தில் உங்கள் முதலெழுத்தையும், குறிப்பின் அடியில் தேதியையும் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலில் முன்னவரின் குறிப்புகள் இருந்தால் அவற்றை அழிக்காமல், “முன்னவர் குறிப்பு” என்று அடையாளப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, உங்கள் குறிப்புகளை எதிர் ஓரத்தில் எழுதுங்கள். முன்பின் அறியாத ஒருவரோடு ஒரு புத்தகத்தின் இரு ஓரங்களில் நின்று வாதாடுவது, நான் அறிந்தவரை, இந்தப் பழக்கத்தின் மிக இனிய பகுதி.

ஒன்பதாம் படி: திரும்பி வருவது

ஆண்டுக்கு ஒருமுறை “ஐ” என்று குறித்த இடங்களை மட்டும் எடுத்துப் படியுங்கள். ஐயம் தீர்ந்திருந்தால் பழைய குறிப்பை அழிக்காமல், அதன் கீழே புதிய தேதியோடு பதிலை எழுதுங்கள். குலுக்கல் அறிவற்ற முறை என்று முதல் ஆண்டில் எழுதியவர், தேவையை அளக்கும் மதிப்பெண் முறையில் பரிந்துரைக்கு இடமிருப்பதைக் கண்டபின், “குறைந்தது குலுக்கலுக்கு யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை” என்று மூன்றாம் ஆண்டில் எழுதலாம். இரண்டு வரிகளும் ஒரே ஓரத்தில் இருக்கும்போதுதான் எந்தச் சான்று அவரை நகர்த்தியது என்பது தெரியும்.

பாதுகாப்புக்கு மென்மையான பென்சிலும், அமிலமற்ற தாளும், நேர்வெயில் படாத இடமும் போதும். பசை ஒட்டும் சிறு தாள்களை நீண்டகாலம் உள்ளே விட்டுவைத்தால் பக்கம் கறைபடும். நேர்காணல் குறிப்புகளையோ விண்ணப்பப் பிரதிகளையோ புத்தகத்துக்குள் செருகாதீர்கள். வரிசையில் நின்ற குடும்பத்தின் பெயரும் முகவரியும் அவற்றில் இருக்கும், புத்தகமோ ஒருநாள் வேறொருவர் கைக்குப் போகும். கொடுத்து வாங்கும் புத்தகங்களுக்கு ஒரு பதிவேடு வையுங்கள், கொடுக்குமுன் பின்பக்கப் பொருளடைவை ஒளிப்படம் எடுத்துவிடுங்கள். ஐந்து குறியெழுத்துகளுக்கும் பொருள் எழுதிய ஒரு சிறு தாளை அலமாரியின் முதல் புத்தகத்தில் ஒட்டி, அதன் பிரதி ஒன்றை நூல்பட்டியலோடும் சேர்த்து வையுங்கள்.